238,000 கிலோமீட்டர் ஓடிய பழைய பென்ஸ்: கியர்பாக்ஸ் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்?

செந்தூல் மகள்:

வணக்கம். அப்பாவின் காடியைப் (காரைப்) பற்றிக் கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டு பென்ஸ் ஈ240, டபிள்யூ210 என்ற மாடல். மீட்டரில் 238,000 கிலோமீட்டர். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். 2009இல் இதைப் பழைய காடியாக வாங்கினார். போன கார்த்திகையில் தவறிவிட்டார். அதிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன்.

மூன்று மாதமாகக் கியர் சரியில்லை. கோலாலம்பூர் எம்ஆர்ஆர்2 சாலை ஜாமில் முக்கால் மணி நேரம் நின்று நகர்ந்தால், பிறகு முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாற யோசிக்கிறது. ரிவர்ஸ் போட்டால் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி முடித்த பிறகுதான் பின்னால் போகிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில், பெடலை லேசாக மிதித்துக்கொண்டிருக்கும்போது, சாலையில் வரி வரியாகக் கோடு போட்ட இடத்தில் ஓடுவதுபோல நடுங்குகிறது. இரண்டு வாரத்துக்கு முன் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஒரே கியரில் பூட்டிக்கொண்டது. இஞ்சின் கத்துகிறது, காடி ஊர்கிறது. ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி எடுத்தேன். இரண்டாவது கியரிலேயே மெதுவாகத் திரும்பி வந்தோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். ஸ்கேனரைச் செருகினார்கள், ஒரு சுற்று ஓட்டினார்கள். ‘இந்த வயதுக் காடியில் கியர்பாக்ஸ் இவ்வளவுதான், முடிந்துவிட்டது, பிரித்துக் கட்ட 6,800 வெள்ளி (ரிங்கிட்)’ என்றார்கள். எண்ணெயைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அதற்கு அளவுகோல் கிடையாது, ஆயுளுக்கும் ஒரே எண்ணெய் என்றார்கள்.

அப்பா எல்லாவற்றையும் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். இஞ்சின் கறுப்பெண்ணெய், பிரேக் பேட், டயர், பேட்டரி எல்லாம் தேதியோடும் கிலோமீட்டரோடும் இருக்கிறது. கியர் எண்ணெய் என்று ஒரு வரிகூட இல்லை.

இந்த வகைக் கியர்பாக்ஸ் உண்மையில் எவ்வளவு காலம் உழைக்கும்? 6,800 போடலாமா? விற்றுவிடு என்கிறார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை.

ராவாங் குமார்:

தங்கச்சி, அப்பா நினைவு என்பது புரிகிறது. ஆனால் இருபத்தைந்து வயதுக் காடி. 6,800 போட்டுக் கியர் சரியானால் அடுத்து ஏர்கோன், அதற்கடுத்து ரேடியேட்டர் என்று வரிசையாக நிற்கும். என் மாமாவுடைய காடிக்குக் கெடாய் போத்தோங் என்ற பழைய உதிரிபாகக் கடையிலிருந்து 2,000 வெள்ளிக்கு ஒரு பழைய பாக்ஸ் வாங்கிப் போட்டோம். எட்டு மாதம்தான் ஓடியது. அது என்ன நிலையில் வந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அந்த வழிக்கு மட்டும் போகாதீர்கள்.

பிறை கியர்காரர்:

அம்மா, அந்த 6,800 வெள்ளியை முதல்ல பத்திரமா எடுத்து வைங்க. அடியில இருக்கிற எண்ணெய்த் தொட்டியை, அதான் சம்பை, கழட்டிப் பார்க்காம, எண்ணெய் அளவு பார்க்காம, கியர்பாக்ஸ் முடிஞ்சு போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நான் பினாங்குப் பக்கம் பிறையில 31 வருஷமா ஆட்டோ கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் பார்க்கிறேன். எனக்கும் அது முடியாது.

உங்க காடியில இருக்கிறது 722.6ன்னு சொல்ற அஞ்சு கியர் பாக்ஸ். 1996ல வந்தது. உள்ள இருக்கிற இரும்பு வேலை ரொம்ப நல்ல வேலை. சூப்பர்சார்ஜர் வச்ச ஜாகுவார்ல இதைப் போட்டாங்க, கிறைஸ்லர்ல போட்டாங்க, மேபாக் 57க்கும் இந்த வம்சம்தான். உங்க இஞ்சின் அதுக்கு முன்னால சின்னப் பிள்ளை. 300,000 கிலோமீட்டர் தாண்டி, ஒரு தடவைகூட பிரிக்காத பாக்ஸ்களை என் கையால சர்வீஸ் பண்ணியிருக்கேன். 120,000லயே உள்ள இருக்கிற கிளட்ச் தட்டு கருகி வந்ததையும் பார்த்திருக்கேன். ரெண்டும் ஒரே பாக்ஸ், ஒரே தொழிற்சாலை. எண்ணெயும் சூடும்தான் வேற வேற.

ஆயுளுக்கும் ஒரே எண்ணெய்ங்கிற பேச்சைக் கேளுங்க. இந்த பாக்ஸ் வந்தப்ப பென்ஸ்காரங்க அப்படித்தான் சொன்னாங்க. பிற்பாடு அவங்களே 60,000 கிலோமீட்டர்ல ஒரு தடவை மாத்தச் சொன்னாங்க. பிஎம்டபிள்யூவுக்கு பாக்ஸ் செஞ்சு கொடுக்கிற ஸெட்எஃப் கம்பெனி, ஓட்டுற விதத்தைப் பொறுத்து 80,000லேருந்து 120,000க்குள்ள, இல்லன்னா எட்டு வருஷத்துல மாத்தணும்னு சொல்லுது. பாக்ஸ் செய்யறவனே மாத்தச் சொல்றப்ப, நம்ம பட்டறைக்காரங்க வேண்டாம்னு சொல்றது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. உங்க அப்பா மேல ஒரு குறையும் இல்லம்மா. பேட்டரியையே தேதி போட்டு எழுதின மனுஷன், யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா இதையும் மாத்தியிருப்பார்.

நம்ம ஊர் வெயில்ல, ஜாம்ல, இந்த எண்ணெய் படற பாடு பெரிய பாடு. தொழில்ல ஒரு கணக்கு சொல்வோம்: 80 டிகிரியைத் தாண்டினா, ஒவ்வொரு 11 டிகிரி ஏறும்போதும் எண்ணெயோட ஆயுள் பாதியாகும். ஊர்ந்து ஊர்ந்து போறப்ப, இஞ்சினையும் பாக்ஸையும் எண்ணெயால இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர் உள்ளுக்குள்ள வழுக்கிக்கிட்டே இருக்கும், அந்த வழுக்கலெல்லாம் சூடா மாறும். காத்தும் அடிக்காது. நெடுஞ்சாலையில ஈப்போ போய் வந்த 100 கிலோமீட்டரும், எம்ஆர்ஆர்2ல நகர்ந்த 100 கிலோமீட்டரும் மீட்டருக்கு ஒண்ணுதான். எண்ணெய்க்கு ஒண்ணு இல்ல.

இப்ப உங்க காடிக்கு வருவோம். நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்குத் தோணினது ரெண்டு விஷயம்.

முதல்ல, எண்ணெய் குறைஞ்சிருக்கணும். ரிவர்ஸ் தாமதம், ஏத்தத்துல தடுமாற்றம் ரெண்டுமே அதைத்தான் காட்டுது. அளவுகோல் இல்லன்னு சொன்னது பாதி உண்மை. இஞ்சின் பின்பக்கம் ஒரு குழாய் நிக்கும், தலையில பூட்டுப் போட்ட மூடி இருக்கும். அளவுகோல் காடியோட வராது, பட்டறைக்காரன்தான் வச்சிருக்கணும். சமதரையில நிறுத்தி, இஞ்சின் ஓட, கியர் ‘பி’யில இருக்க, எண்ணெய் 80 டிகிரி சூடான பிறகு விட்டுப் பார்க்கணும். சூடாகாத எண்ணெயில பார்த்தா வேற அளவு காட்டும். அதிகமா ஊத்தினாலும் நுரைச்சுப் போய் இதே கோளாறு வரும்.

குறைஞ்ச எண்ணெய் எங்க போச்சுங்கறது அடுத்த கேள்வி. பாக்ஸோட வலப்பக்கம், சம்புக்குக் கொஞ்சம் மேல, 13 பின் உள்ள ஒயர் ப்ளக் ஒண்ணு இருக்கு. அதுல குழாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு, ரெண்டு ரப்பர் வளையம். வளையம் காஞ்சு போனா எண்ணெய் கசியும். கீழ சொட்டினாக்கூட பரவாயில்ல, கண்ணுல பட்டுடும். அது ஒயருக்குள்ளயே பூந்து, விளக்குத் திரியில எண்ணெய் ஏறற மாதிரி மெல்ல மேல ஏறி, இஞ்சின் அறையில இருக்கிற கியர் கம்ப்யூட்டர் வரைக்கும் போயிடும். அங்க ஈரம் பட்டா சென்சார் கணக்கு தப்பும். கம்ப்யூட்டர் பயந்து போய் இருக்கிற கியரைப் பூட்டிடும். அணைச்சு எடுத்தா ரெண்டாவது கியர் மட்டும் கொடுக்கும், வீடு போய்ச் சேர்னு. உங்களுக்குக் காராக்ல நடந்தது அதுதான். பாக்ஸ் செத்துப் போகல, தன்னைக் காப்பாத்திக்கிச்சு.

இதை நான் அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2008ல அலோர் ஸ்டார்லேருந்து ஒரு வாத்தியார் இதே மாதிரி காடி கொண்டு வந்தார். இதே நோவு. நான் ஸ்கேன் பார்த்தேன், வேகச் சென்சார் பிழைக் குறியீடு வந்துச்சு, பாக்ஸை இறக்கிட்டேன். பிரிச்சேன். தட்டெல்லாம் பாதிக்கு மேல நல்லா இருந்துச்சு. இருந்தாலும் பிரிச்சாச்சே, புதுசு போட்டுக் கட்டினேன், காசு வாங்கினேன். நாலு மாசத்துல அதே வாத்தியார், அதே ரெண்டாவது கியர்ல வந்து நின்னார். அப்பத்தான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து ப்ளக்கை உருவினேன். என் விரல்ல ஒரு சொட்டு சிவப்பா வழிஞ்சுச்சு. ஐம்பது வெள்ளிகூட வராத சாமான். கூலி மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை கோபமா பேசல, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. அன்னையிலேருந்து ப்ளக்கைத் தொட்டுப் பார்க்காம ஒரு பாக்ஸையும் நான் இறக்கினதில்ல.

உங்க வீட்டுல இன்னிக்கே செய்யக்கூடியது ஒண்ணு: ராத்திரி காடிக்கடியில அட்டை விரிச்சு வைங்க. காலையில சொட்டு முன்னாடி கறுப்பா விழுந்திருந்தா இஞ்சின். நடுவுல, ஓட்டுநர் கால் வைக்கிற இடத்துக்கு நேரா, சிவப்பா இல்ல பழுப்பா விழுந்திருந்தா கியர் எண்ணெய். ரெண்டுக்கும் வாசமே வேற.

பட்டறைக்குப் போனா சம்பைக் கழட்டறப்ப பக்கத்துல நில்லுங்க. மூலையில ஒரு காந்தம் ஒட்டிக்கிட்டிருக்கும். அதுல தண்ணியில குழைச்ச திருநீறு மாதிரி சாம்பல் பசை இருந்தா அது வயசு, துடைச்சுட்டு மூடலாம். விரலுக்கு நடுவுல தேய்ச்சா வழவழன்னு இருக்கணும். நெருடினா, ஊசி மாதிரி துணுக்கு குத்தினா, தாமிர நிறத்துல மின்னினா, அப்பதான் பிரிக்கிற பேச்சு. எண்ணெயை வெள்ளை டிஷ்யூல ஒரு சொட்டு விடுங்க. பழுப்பா பரவினா பழசு, அவ்வளவுதான். நடுவுல கரித்தூள் தங்கி, தீஞ்ச வாசம் வந்தா தட்டு கருகியிருக்கு. ஸ்ட்ராபெரி பால் மாதிரி இளஞ்சிவப்பா கலங்கியிருந்தா மட்டும் காடியை அங்கேயே நிறுத்திடுங்க. ரேடியேட்டருக்குள்ள கியர் எண்ணெயைக் குளிர்விக்கிற பகுதி ஓட்டையாகி தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். தட்டுல ஒட்டியிருக்கிற உராய்வுத் தாளோட பசையை அது தின்னுடும்.

70ல வர்ற நடுக்கம் கன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற கிளட்ச். பழைய எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். புது எண்ணெய்ல பல காடிக்குக் குறைஞ்சு பார்த்திருக்கேன், சிலதுக்குக் குறையல. அதுல சத்தியம் பண்ண மாட்டேன்.

எண்ணெய் டின்ல பென்ஸோட 236.14 ஒப்புதல் போட்டிருக்கணும். 236.15ன்னு ஒண்ணு விப்பாங்க, அது பின்னால வந்த ஏழு கியர் பாக்ஸுக்கு. உங்களுக்கு வேண்டாம்.

ஜெலுத்தோங் வாசு:

அண்ணே, நல்ல நேரத்தில் எழுதினீர்கள். என்னிடம் 2006 பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், ஸெட்எஃப் ஆறு கியர் பாக்ஸ், 160,000 ஓடிவிட்டது. பழைய பாக்ஸில் புது எண்ணெய் ஊற்றினால் மறுவாரமே கியர் வழுக்கும், தொடாமல் விட்டுவிடு என்று பினாங்கில் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். அதில் உண்மை உண்டா?

பிறை கியர்காரர்:

வாசு தம்பி, அந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றேன். தட்டு ஏற்கனவே தேய்ஞ்சு வழுக்க ஆரம்பிச்ச பாக்ஸ்ல, உதிர்ந்த தூளெல்லாம் எண்ணெய்ல கலந்து கொஞ்சம் பிடிப்பு கொடுத்துக்கிட்டிருக்கும். அந்த நிலையிலதான் பல பேர் முதல் தடவையா எண்ணெய் மாத்த ஓடி வருவாங்க. தூள் போனதும் வழுக்கல் வெளிய தெரியும். பழி புது எண்ணெய் மேல விழுந்துடும். உங்க காடி இப்ப வழுக்காம மாறுதுன்னா மாத்துங்க, இன்னும் 40,000 ஓட்டிட்டு வராதீங்க.

உங்க பாக்ஸ்ல சம்பே பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடயே சேர்ந்திருக்கு. அதனால முழுசா ஒண்ணு வாங்கணும். கழட்டறப்பவே மெக்கட்ரானிக்கோட (பாக்ஸுக்குள்ள இருக்கிற கியர் கம்ப்யூட்டர் பாகம்) ப்ளக் உட்கார்ற அந்தக் கறுப்பு ஸ்லீவையும் மாத்திடச் சொல்லுங்க, வயசானா ஓரத்து ரப்பர் கசியும். எண்ணெய் அளவு பார்க்கிறது பென்ஸ் மாதிரி இல்ல. இஞ்சின் ஓட, எண்ணெய் 30க்கும் 50க்கும் நடுவுல இருக்கிறப்ப, பக்கத்துல இருக்கிற திருகு வழியா வழியணும். டிகிரியை ஸ்கேனர்ல பார்க்காம கைவச்சுப் பார்த்துச் சொல்ற ஆள்கிட்ட கொடுக்காதீங்க.

ரெண்டு பேருக்கும் இன்னொண்ணு. ரிவர்ஸ் போட்டா ‘டொக்’னு சத்தம் வந்து, அதையும் கியர்பாக்ஸ்னு சொன்னாங்கன்னா, பாக்ஸைத் தாங்கற மவுண்டிங்கையும், நடு ஷாஃப்ட்டுல இருக்கிற ரப்பர் வட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்க. ரப்பர் வெடிச்சிருந்தா சத்தம் அங்கேருந்துதான் வரும்.

செந்தூல் மகள்:

ஐயா, இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், ஒவ்வொன்றாகச் செய்ய நாள் பிடித்தது.

முதல் இரவே மைலோ பெட்டியைப் பிரித்துக் காடிக்கடியில் விரித்தேன். காலையில் நடுவில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு பழுப்பு வட்டம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, ‘இது ரொம்ப நாளாக இருக்கிறதே, நான் ஏர்கோன் தண்ணீர் என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்’ என்றார்.

கெப்போங் பக்கம் ஒரு சீனப் பெரியவரின் பட்டறையில் அந்த நீள அளவுகோல் இருந்தது. எண்ணெய் 80 டிகிரி வந்ததும் விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் ஈரம். எனக்குத் தூக்கிக் காட்டினார், எதுவும் சொல்லவில்லை. அவருடைய ஸ்கேனர் இஞ்சின் அறையில் இருக்கும் 38 பின் வட்டச் சாக்கெட்டில் மாட்டியது. முதல் பட்டறையில் அதைத் திறக்கவே இல்லை. வேகச் சென்சார் பிழைக் குறியீடு ஒன்று இருந்தது, நீங்கள் சொன்னபடியே.

சம்பைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். காந்தத்தில் சாம்பல் பசை. நானே விரலில் எடுத்துத் தேய்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது, நெருடவில்லை. கொஞ்ச நேரம் விரலைத் துடைக்காமலேயே நின்றுகொண்டிருந்தேன். தாமிரத் துணுக்கு ஒன்றும் இல்லை. எண்ணெய் கருத்த பழுப்பு, பழைய வாசம், ஆனால் தீய்ந்த வாசம் இல்லை என்றார் அவர். ப்ளக்கை உருவியபோது வளையம் இரண்டும் பிளாஸ்டிக் போல விறைத்திருந்தன. நகத்தால் அழுத்தினால் உடைந்தது.

வடித்தது 3.6 லிட்டர், ஊற்றியது 4.9 லிட்டர். ஃபில்டர், கேஸ்கெட், ப்ளக், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 840 வெள்ளி. 555 புத்தகத்தில் எழுதிவிட்டேன்.

ரிவர்ஸ் இப்போது போட்டவுடன் பிடிக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுவது தெரியவில்லை. 70இல் நடுக்கம் இன்னும் இருக்கிறது, முன்பைவிடக் குறைவு. காலையில் வருவதில்லை, மாலை ஜாமுக்குப் பிறகுதான். இது போதுமா, இன்னும் செய்ய வேண்டுமா?

பிறை கியர்காரர்:

1.3 லிட்டர் குறைஞ்சு ஓடியிருக்கு. அப்படி இருந்தும் உங்க அம்மாவையும் உங்களையும் மலையிலேருந்து இறக்கிக் கொண்டு வந்துச்சு. நல்ல பாக்ஸ்மா அது.

பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. சம்பை மட்டும் வடிச்சா கன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற பழைய எண்ணெய் அப்படியே தங்கிடும். பழைய கன்வெர்ட்டர்கள்ல வடிக்கிறதுக்கு ஒரு திருகு இருக்கும், பின்னால வந்தது பலதுல இல்ல. உங்களுக்கு இருந்தா அவரே வடிச்சிருப்பார். 1,500 கிலோமீட்டர் ஓட்டிட்டு, ஃபில்டரைத் தொடாம, எண்ணெய் மட்டும் இன்னொரு தடவை வடிச்சு ஊத்துங்க. நடுக்கத்தை அதுக்கப்புறம் பேசலாம்.

நீங்க ஒண்ணு எழுதல. கம்ப்யூட்டர் பெட்டியில இருக்கிற ப்ளக்கை உருவிப் பார்த்தாங்களா?

செந்தூல் மகள்:

இல்லை ஐயா, அன்று பார்க்கவில்லை. இன்று மதியம் மறுபடி போய்த் திறக்கச் சொன்னேன். பெட்டிக்குள் காய்ந்துதான் இருந்தது. ப்ளக்கை உருவியபோது ஒரு ஓரத்துப் பின்னில் மட்டும் லேசாகச் சிவப்பு ஈரம். டிஷ்யூவில் ஒற்றினால் கடுகளவு ஒட்டியது.

பிறை கியர்காரர்:

கடுகளவுன்னா நேரத்தோட பிடிச்சுட்டீங்க. காண்டாக்ட் கிளீனர் அடிச்சு ரெண்டு பக்கமும் காய விடச் சொல்லுங்க. ஒயருக்குள்ள ஏற்கனவே ஏறின எண்ணெய் இன்னும் கொஞ்ச நாள் வந்துக்கிட்டுதான் இருக்கும், பயப்படாதீங்க. ப்ளக்குக்குக் கீழ ஒயரைச் சுத்தி டிஷ்யூ கட்டி வச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. டிஷ்யூ வெள்ளையா வர்ற வரைக்கும் இப்படியே செய்யுங்க.

ரெண்டாவது எண்ணெய் மாத்தற வரைக்கும் கெந்திங் பக்கம் போக வேண்டாம். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு வர்றதா இருந்தா, ஊர்வல ஜாமுக்குள்ள காடியைக் கொண்டு போகாம பிறையில என் பட்டறையில விட்டுட்டு ஃபெரியில போங்க. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள மவுண்டிங்கையும் அந்த டிஷ்யூவையும் நான் பார்த்து வச்சிடறேன்.